தீவட்டியின் இடுப்பெலும்பு

கண்டக்டரின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதற்கு அரசாங்கம் காரணமல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்த எல்லாவற்றிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது என்பதால், இந்த ஒன்றையாவது சோப்பின் தலையில் போட்டுவிடலாம்.

பெரியவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் தீவட்டிதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், மீசை அரும்பிய வயதில், வரி ஆபீஸைக் கொளுத்தியவர் அவர். அந்த ஆபீஸுக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே கூப்பிடும் வரை முற்றத்துக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பது விதி. தீவட்டியின் அப்பா ஒரு கோடையில் அப்படி உச்சிவெயில் முழுக்க நின்றார். கடைசியில் கூப்பிட்டபோது அவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அன்று சாயங்காலமே மகன் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆள் சேதம் இல்லை. நாற்காலி, மேசை, கூரை எல்லாம் போயின. வெள்ளைக்கார நீதிபதி, ஆள் கையில் சிக்காமலேயே விசாரணையை நடத்தித் தூக்குத் தண்டனை விதித்தார். தீவட்டி வேறு ஊருக்கு ஓடிப்போய்க் கரி மூட்டை சுமந்தார். விடுதலை வந்ததும் திரும்பி வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகனைப் பெற்றார். அந்த மகன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் வீட்டுக்கு வந்து, பெரியவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாட்களில் அவர் பாட்டுக்கு அவர் இருந்தார்.

இடுப்பு முறிந்ததும் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் காத்திருந்தே செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாடியில் தியாகிகளுக்கென்று தனி வார்டு இருக்கிறது, அங்கே கட்டில்கள் காலியாகவே கிடக்கின்றன, தியாகி என்று ஒரு சான்று கொண்டுவந்தால் மறுநாளே வெட்டித் தைத்துவிடுவார்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். கண்டக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நம் அப்பா தியாகி இல்லையென்றால் இந்த ஊரில் வேறு யார் தியாகி?

அப்பாவை வீட்டில் கிடத்திவிட்டு அவர் தியாகிகள் நலத்துறைக்குப் போனார். அந்தத் துறை பழைய வரி ஆபீஸ் கட்டடத்தில்தான் இயங்கியது. தீவட்டி எரித்த பிறகு, வெள்ளைக்காரன் வைத்திருந்த வரைபடத்தைத் தேடிப்பிடித்து, தூண் மாறாமல் முற்றம் மாறாமல் சுதந்திர அரசாங்கம் அதை மறுபடியும் கட்டியிருந்தது. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்ற பலகையும் அப்படியே இருந்தது. ஏன் என்று காவலாளியிடம் கேட்டதற்கு, அப்போது அது ராஜாவுக்குக் காட்டிய மரியாதை, இப்போது மக்களாட்சிக்குக் காட்டும் மரியாதை என்று பதில் வந்தது. கண்டக்டர் கழற்றினார். சூடு உள்ளங்காலில் ஏறியது.

பிரிவு அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லவில்லையே தவிர, முகத்தைச் சுளிக்காமல் கேட்டார்.

“உங்க அப்பா எந்த ஜெயில்ல இருந்தார்?”

“ஜெயில்ல இல்ல சார். தப்பிச்சிட்டார்.”

அலுவலர் பேனாவை மூடினார். “ஜெயிலுக்கே போகலைன்னா என்னய்யா தியாகம் பண்ணார்?”

“ஆபீஸைக் கொளுத்தினார் சார்.”

“எந்த ஆபீஸை?”

“இந்த ஆபீஸைத்தான் சார்.”

அலுவலர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இருந்தாலும் அவர் கையை விரித்துவிடவில்லை. தண்டனை அனுபவித்ததற்கு வெள்ளைக்காரன் ஆவணத்தில் ஒரு வரி இருந்தால்கூடப் போதும், தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். கிடைக்குமா என்று கண்டக்டர் சந்தேகப்பட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். நாம் எழுதியதைத்தான் கரையான் தின்னும், வெள்ளைக்காரன் எழுதியதற்குத் தனி அறை, தனி அலமாரி, தனி மருந்து, அதில் ஒரு காகிதம்கூட இந்த நாட்டில் தொலைந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

சொன்னபடியே கிடைத்தது. சில நாளில் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கூடவே ஒரு போலீஸ் ஜீப்பும் வந்தது. தியாகிக்குப் பாதுகாப்பு கொடுக்கிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்டது. கண்டக்டரின் மனைவி மாமனாருக்குத் தலை சீவி, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாள். வந்திருந்த போலீஸ்காரர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டே குடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கையசைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தீவட்டியும் ராஜா மாதிரி கையசைத்தார். “ஆபரேஷன் முடிஞ்சு வரும்போது நடந்தே வருவேன், வழியை விட்டு நில்லுங்க” என்று தெருவுக்குச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் மருத்துவமனையைத் தாண்டிப் போனது. ஓட்டுநருக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த கண்டக்டர் தொழில் பழக்கத்தில் சுவரைத் தட்டி, “ஸ்டாப்பிங் போயிடுச்சு” என்று கத்தினார். வண்டி மத்திய சிறையின் வாசலில் நின்றது.

சிறைக் கண்காணிப்பாளர் மெதுவாகப் பேசுகிறவர். குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுப்பது போல விஷயத்தைச் சொன்னார். பெரியவர் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. தூக்குத் தண்டனை என்று இருக்கிறது. அது ரத்து செய்யப்பட்டதாக எங்கேயும் இல்லை. நிறைவேற்றப்பட்டதாகவும் இல்லை. ஆகவே அது நிலுவையில் இருக்கிறது. இத்தனை வருடம் நிலுவையில் கிடந்ததற்குத் துறையின் சார்பில் வருத்தமும் தெரிவித்துக்கொண்டார்.

 இது வெள்ளைக்காரன் கொடுத்த தண்டனை என்றார் கண்டக்டர். ஆமாம் என்றார் கண்காணிப்பாளர். வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காகக் கொடுத்தது என்றார். அதுவும் ஆவணத்தில் இருக்கிறது என்றார் கண்காணிப்பாளர்.

மறுநாளே கண்டக்டர் மாவட்ட ஆணையரைப் பார்க்க ஓடினார். ஆணையர், அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். அது குளிர் நாட்டுக்காரன் தைத்துக்கொண்ட உடுப்பு. போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போனான், அளவு சரியாக இருந்ததால் இவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆணையர் கண்டக்டரைக் கண்டதும் எழுந்து வந்து, தீவட்டியின் மகனா நீங்கள் என்று நெகிழ்ந்துபோனார். பள்ளிக்கூடத்தில் தீவட்டியைப் பற்றிப் பேசித்தான் தான் முதல் பரிசு வாங்கியதாகச் சொன்னார். கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப அவரை விட்டுடுவீங்களா ஐயா?”

“பாருங்க, அரசாங்கம்னா என்ன? தொடர்ச்சி. மேல உக்காந்திருக்கிற ஆள் மாறலாம். கொடி மாறலாம். கீழ இருக்கிற ஃபைல் மாறக்கூடாது. வெள்ளைக்காரன் போட்ட ரோட்டுலதானே நீங்க டிக்கெட் கிழிக்கிறீங்க? அவன் ரோடு வேணும், அவன் தண்டனை வேண்டாம்னா எப்படி?”

மன்னிப்பு கேட்டு மனு போடலாமா என்றார் கண்டக்டர். ஆணையரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. ஆவணம் கிடைத்த உடனேயே அதைத்தான் தான் செய்ததாகச் சொன்னார். தண்டனை வெள்ளைக்காரன் தேசத்து ராஜாவின் பெயரால் கொடுக்கப்பட்டது. நம் நாட்டுத் தலைவர், நம் பெயரால் கொடுத்த தண்டனையை மட்டுமே மன்னிக்க முடியும். ராஜாவின் தூதரகத்தைக் கேட்டதற்கு, நீங்கள் சுதந்திர நாடு, உங்கள் உள்விவகாரத்தில் நாங்கள் மூக்கை நுழைக்க மாட்டோம் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

“அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பெருமையாத்தான் இருந்தது” என்றார் ஆணையர். “ஆனா என்ன செய்ய? சட்டத்தை நமக்கு விட்டுட்டுப் போனாங்க. மன்னிக்கிற அதிகாரத்தைக் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

ஒரே ஒரு தடை இருந்தது. தூக்கு மேடைக்குக் கைதி தன் காலால் நடந்து வர வேண்டும் என்று சிறை விதி சொன்னது. தூக்கிக்கொண்டு போய்ப் போட்டால் அது கொலையாகிவிடும். தீவட்டியால் புரண்டு படுக்கவே முடியவில்லை. ஆகவே அரசாங்கம் உடனே கருணையோடு செயல்பட்டது. தலைநகரிலிருந்து பெரிய எலும்பு மருத்துவர் வரவழைக்கப்பட்டார். தியாகிகள் வார்டில்கூட இல்லாத சாமான்கள் சிறை மருத்துவமனைக்கு வந்து இறங்கின. இடுப்பில் வைத்த உலோகம் ஆயுசுக்கும் உழைக்கும் என்று மருத்துவர் உறுதி சொன்னார்.

கண்டக்டரும் மனைவியும் பார்க்கப் போனபோது தீவட்டி தலையணையில் சாய்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. “நான் தப்பிச்சதுக்கு இத்தனை வருஷம் கழிச்சு வட்டி கட்டச் சொல்றானுங்க” என்று சிரித்தார். மகன் அழுதார். மருமகள் அழவில்லை. அவளுக்கு அழுகை வருவதற்கு முன்னால் யோசனை வரும். வார்டன் வெளியே போகும் வரை காத்திருந்து, கட்டிலருகே குனிந்தாள்.

“மாமா, கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்னது எதையும் நீங்க கேட்டதில்ல. இந்த ஒண்ணைக் கேளுங்க. நடக்காதீங்க. ஆயுசு முழுக்க இங்கேயே படுத்துக் கிடங்க. சோறு அவங்க போடட்டும்.”

தீவட்டி மிச்சப் பழச்சாற்றைக் குடித்து முடித்தார். பிறகு சரி என்றார்.

அதற்கப்புறம் அவர் நடித்த நடிப்பைப் பார்த்திருந்தால் நாடகக் கம்பெனிக்காரன் கூப்பிட்டுப் போயிருப்பான். பயிற்சி கொடுக்க வந்தவன் காலைத் தொட்டதுமே கட்டடம் அதிர அலறினார். நிற்க வைத்தால் துணிமூட்டை மாதிரி சரிந்தார். மருத்துவக் குழு கூடும் ஒவ்வொரு முறையும் ‘நடக்கத் தகுதியில்லை’ என்றே எழுதிவிட்டுப் போனது. அங்கே கிடந்தவர்களில் உடம்பு தேறாமல் இருக்க வேண்டும் என்று வீட்டில் வேண்டிக்கொண்டது அவர் ஒருவருக்குத்தான்.

ஒருநாள் மதியம் வார்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தீவட்டி மகனுக்குக் கண்ணைக் காட்டினார். போர்வையை விலக்கினார். காலைத் தரையில் ஊன்றி எழுந்து, ஜன்னல்வரை விறுவிறுவென்று நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று சிரித்தார். விழுந்ததிலிருந்து ஒன்றுக்குப் போகக்கூட இன்னொருவர் தோளை எதிர்பார்த்துக் கிடந்த மனிதர். அந்த முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தைக் கண்டக்டர் அதற்குமுன் பார்த்ததில்லை. கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போய்க் காலை வாரிவிட வேண்டும் போலவும் இருந்தது. “படுங்கப்பா, யாராவது பாத்துடப் போறாங்க” என்று கெஞ்சித் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தார்.

இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று குடும்பம் நம்பத் தொடங்கியபோது, ஆணையர் சிறை மருத்துவமனையைப் பார்வையிட வந்தார். மருத்துவக் குழுவின் அறிக்கையைப் படித்து அவர் கோபப்படவில்லை. நோயாளிகளுக்கு நாட்டுப்பற்று குறைந்துவிடக் கூடாது, அதனால் அன்று ஒரு சிறிய விழா என்றார். குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். கண்டக்டர் அப்பாவின் கட்டிலோரம் நின்றார். போலீஸ் வாத்தியக் குழு உள்ளே வந்து கட்டில்களுக்கு நடுவே வரிசையாக நின்றது. அதுவும் வெள்ளைக்காரன் ஏற்படுத்திய குழுதான். கொம்பும் மேளமும் அதே கொம்பு, அதே மேளம். பாட்டுதான் வேறு. தேசிய கீதம் தொடங்கியது.

ஆணையர் விறைப்பாக நின்றார். கண்காணிப்பாளர் நின்றார். காய்ச்சல்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தீவட்டி போர்வைக்குள் கிடந்தார். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் அவருடைய கை போர்வையைப் பற்றியது. கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குனிந்து அப்பாவின் தோளை அழுத்திப் பிடித்தார். கிழவருக்கு எங்கிருந்துதான் அந்த பலம் வந்ததோ, மகனின் கையை உதறினார். காலைத் தொங்கப் போட்டு இறங்கினார். எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து, கையைத் தொடையோடு சேர்த்து, பாட்டு முடியும் வரை நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

கடைசி அடி முடிந்ததும் ஆணையர் வந்து அவருக்கு சல்யூட் அடித்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பிறகு மருத்துவரைத் திரும்பிப் பார்த்தார். மருத்துவர் எழுதினார்.

எல்லோரும் போன பிறகு கண்டக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

“வெள்ளைக்காரன் பாட்டுக்கு நான் ஒருநாளும் எழுந்ததில்லடா” என்றார் தீவட்டி. “இது நம்ம பாட்டு. படுத்துக் கிடக்க முடியல.”

நாள் குறித்தார்கள். கண்டக்டர் அன்றைக்கு விடுப்பு கேட்டு டிப்போ மேலாளரிடம் போனார். அப்பா இறப்புக்கு விடுப்பு உண்டுதான், ஆனால் இறந்த பிறகுதான் உண்டு, முன்கூட்டியே கேட்டால் எந்தக் கணக்கில் கொடுப்பது என்று மேலாளர் நெடுநேரம் குழம்பினார். கடைசியில் சொந்த வேலை என்று எழுதிக்கொண்டார்.

அந்நியன் காலத்தில் தூக்கு என்பது விடிவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் நடக்கும். மக்களாட்சியில் ஒளிவுமறைவு கூடாது என்பதால் அலுவலக நேரத்தில் வைத்திருந்தார்கள். சிறை மைதானத்தில் பந்தலும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து நின்றார்கள். தியாகிகள் நலத்துறையின் பிரிவு அலுவலர் வந்து கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்டனை அனுபவித்ததற்கு இனிமேல் யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள், மதியத்துக்குள் சான்று கையெழுத்தாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார்.

தீவட்டி தன் காலால் நடந்து வந்தார். தலைநகர் மருத்துவரும் பார்க்க வந்திருந்தார். நடையில் கொஞ்சமும் சாய்வில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார். மகனைக் கடந்து போகும்போது பெரியவர் நின்றார்.

“டூட்டிக்குப் போகலையா?”

“லீவு போட்டிருக்கேன்பா.”

“எதுக்கு வீணா” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பிறகு குண்டு முழங்க மரியாதை செய்தார்கள். அவர் மேல் தேசியக் கொடி போர்த்தினார்கள். ஆணையர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றார்.

“நண்பர்களே, இந்த மாவீரரை அந்நியன் ஊர் ஊராகத் தேடினான். அவனுடைய படையாலும் பணத்தாலும் இவரைப் பிடிக்க முடியவில்லை. அவனால் முடியாததை இன்று நாம் முடித்துக் காட்டியிருக்கிறோம். சுதந்திர நாட்டின் திறமைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? நம்மால் ஆள முடியாது என்று சொல்லிவிட்டுப் போனானே, அவன் இன்று இங்கே இருந்திருந்தால் வெட்கித் தலைகுனிந்திருப்பான்.”

கைதட்டல் அடங்கியதும், குடும்பத்தின் சார்பில் மகன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்கள். யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. கண்டக்டர் மேடை ஏறினார். முந்தின இரவெல்லாம் படுக்கையில் புரண்டு புரண்டு அவர் மனதுக்குள் இந்த ஆட்களைக் கேட்ட கேள்விகள், வைத வசவுகள், எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஒலிபெருக்கியைப் பிடித்தார். எதிரே கோட்டும் தொப்பியும் துப்பாக்கியும் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஆணையர் தலையசைத்து ஊக்கம் கொடுத்தார்.  தன் வாயிலிருந்து வந்த குரலைக் கண்டக்டரே வேறு யாருடையதோ போலக் கேட்டுக்கொண்டு நின்றார். ஐயாவுக்கு நன்றி என்றது அது. டாக்டருக்கு நன்றி என்றது. வந்திருந்து சிறப்பித்த எல்லோருக்கும் நன்றி என்றது. ஆணையருக்குக் கிடைத்ததைவிட அதற்கு அதிகமாகக் கை தட்டினார்கள். ஆணையர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். அந்தக் கோட்டில் கற்பூர உருண்டை வாசனை அடித்தது.

மனைவி விழாவுக்கு வர மறுத்துவிட்டிருந்தாள். கண்டக்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மாமனாரின் படுக்கையை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் தன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தார்.

“ஏதாவது பேசச் சொன்னாங்களா?” என்றாள்.

“சொன்னாங்க.”

“என்ன பேசினீங்க?”

அவர் சொன்னார்.

அவள் பாயைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. கயிற்றால் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கி, மூலையில் நிறுத்தினாள்.

“மாமா அதுக்கு முன்னாடியே போயிட்டார் இல்ல?”

“ஆமா.”

“நல்லவேளை” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.